ஊர் வேலைக்கு நிதி எடுப்பது எப்படி: யாழ்ப்பாணக் கிராமச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எல்லாச் சங்கமும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்: காசு ஆரிட்டக் கேக்கலாம்? கனடாவில் இருக்கிற எங்கட ஊர் ஒன்றியத்துக்கு எழுதுவமா, எம்.பி.யைப் பிடிப்பமா, கொழும்பில் ஏதாவது தூதரகத்துக்குக் கடிதம் போடுவமா என்று கூட்டம் இரவு ஒன்பது மணி வரைக்கும் இழுபடும். அந்தக் கேள்வியை மூன்றாவது கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு கூட்டத்திலும் கேட்க வேண்டியது, வேலை நடக்கப்போகிற நிலம் ஆருடையது என்பதும், சங்கத்தின் கோவையில் (பைலில்) என்ன இருக்கிறது என்பதும்தான். நிதி கொடுப்பவர் அரசாங்கமோ தூதரகமோ புலம்பெயர்ந்த உறவோ, கடைசியில் எல்லாரும் இந்த இரண்டிலும்தான் வந்து முட்டுவார்கள்.

விளக்கத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்தில் ஒரு சிறிய குளம். தூர்ந்து கிடக்கிறது. மாரியில் நிரம்பித் தைமாதத்துக்குள் வற்றிவிடுகிறது. அதைத் திருத்த வேண்டும்.

படி 1: அந்தக் குளம் ஆருடையது?

ஊரவர்களைக் கேட்டால் "எங்கட குளம்" என்பார்கள். கடதாசியில் அது வேறாக இருக்கும். 80 ஹெக்டேயர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. சில குளங்கள் பிரதேச சபையின் பதிவில் இருக்கும். கோயில் கேணியென்றால் தர்மகர்த்தா சபையின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். பழைய கட்டுமானமாக இருந்தால் தொல்பொருள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டிவரும். இதைத் தெரிந்துகொள்ள முதலில் போகவேண்டிய இடம் விதானையார் (கிராம அலுவலர்) வீடுதான். அதற்குப் பிறகு பிரதேச செயலகத்தின் காணிக் கிளை.

வீதிக்கும் இதே கதைதான். ஏ தர, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், மாகாண வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்ளூர் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கும் உரியவை. பிழையான கந்தோரில் கொடுத்த கடிதம் மறுக்கப்படாது. ஒரு முத்திரை குத்தப்பட்டு அலமாரியில் கிடக்கும், ஒரு வருடமும் போய்விடும்.

படி 2: காணியைத் தெளிவாக்குங்கள்

முன்பள்ளி, வாசிகசாலை, சனசமூக நிலையம் போன்ற கட்டடம் என்றால் தலையிடி இங்கேதான். "அவர் லண்டனில இருக்கிறார், தாறன் எண்டு சொன்னவர்" என்பதை எந்த நிதி வழங்குநரும் ஏற்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிக்கு நாலு நாட்டில் ஆறு பங்காளிகள் இருப்பது புதினமில்லை. நன்கொடை உறுதி எழுதி, நில அளவையாளரின் வரைபடத்தோடு, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வரமுடியாவிட்டால், அங்குள்ள இலங்கைத் தூதரகம் ஊடாக முறைப்படி உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாம்.

காணியை விலைக்கு வாங்குவதென்றால் இன்னொரு கவனம். பிரிபடாத பங்கொன்றை வாங்கினால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கிக் கட்டடமும் கட்டிய பிறகு வழக்கு வந்தால், நிதி கொடுத்தவர் அடுத்த முறை உங்கள் பக்கமே பார்க்கமாட்டார். நொத்தாரிசிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

உறுதி ஆருடைய பெயரில் எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். தலைவரின் பெயரில் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். சங்கத்துக்குச் சொத்து வைத்திருக்கும் சட்டத் தகுதி இருந்தால் சங்கத்தின் பெயரில். இல்லாவிட்டால் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபையின் பெயரில், அல்லது பிரதேச சபைக்கு ஒப்படைத்துப் பயன்படுத்தும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: எந்தச் சங்கம் கேட்கப் போகிறது?

ஒரே ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், கமக்கார அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுக் கழகம், முதியோர் சங்கம் என்று ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றிலும் பாதிப்பேர் ஒரே ஆட்கள். ஆனால் ஒவ்வொன்றின் பதிவும் வேறு கந்தோரில். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இரண்டும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். சனசமூக நிலையம் உள்ளூராட்சியோடு. கமக்கார அமைப்பு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், கமநல சேவை நிலையம் ஊடாக.

வேலைக்குப் பொருத்தமான சங்கத்தை முன்னுக்கு விடுங்கள். நமது குளத்துக்குக் கமக்கார அமைப்புத்தான் பொருத்தம். முன்பள்ளிக் கழிப்பறை, சிறு கைத்தொழில் என்றால் மாதர் சங்கம். மற்றச் சங்கங்கள் ஆதரவுக் கடிதம் கொடுக்கட்டும். ஒரே குளத்துக்கு மூன்று சங்கம் மூன்று கடிதம் கொடுத்தால், அதிகாரிக்கு அது ஊர்ச் சண்டையாகத்தான் தெரியும். பெரும்பாலும் அது சண்டைதான்.

சில பெரிய நிதிகளுக்குக் கிராமச் சங்கப் பதிவு போதாது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த தொண்டு நிறுவனம், அல்லது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி கேட்பார்கள். அதற்காகப் புதிதாக ஒன்றைப் பதிய ஓடவேண்டாம். ஏற்கனவே பதிவும் கணக்கும் உள்ள ஒரு நிறுவனத்தோடு எழுத்தில் உடன்படிக்கை செய்து சேர்ந்து விண்ணப்பிப்பது சுகம்.

படி 4: கோவை

ஒரு நல்ல பைல் வாங்குங்கள். அதற்குள் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், யாப்பு, நடப்பு நிர்வாக சபையின் பெயர்ப் பட்டியல், கடைசி ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்காய்வு செய்த கணக்கறிக்கை, வங்கிப் புத்தகத்தின் பிரதி, காணி ஆவணம், விதானையாரின் உறுதிக் கடிதம், இடத்தின் போட்டோக்கள்.

இதில் அதிகம் அடிபடுவது ஆண்டுப் பொதுக்கூட்டம். மூன்று வருடம் கூட்டம் வைக்காமல், அலுவல் வந்ததும் ஒரே கிழமையில் அவசரமாகக் கூட்டி, பழைய திகதி போட்டு எழுதுகிற வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. ஒரே பேனை, ஒரே கையெழுத்து, மூன்று வருட அறிக்கை. பார்க்கிற உத்தியோகத்தருக்கு ஒரு நிமிடம் போதும்.

தீர்மானம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி (துருசு என்பது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு, வான் என்பது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்):

"மேற்படி திகதியில் சனசமூக நிலைய மண்டபத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் 46 அங்கத்தவர்கள் சமுகமளித்தனர். குளத்தைத் தூர்வாரி, துருசையும் வானையும் திருத்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சிரமதானமாக 120 ஆள்நாள் வழங்குவதற்கும், வேலை முடிந்தபின் பராமரிப்புக்காக ஏக்கருக்கு ஒரு தொகையைப் போகந்தோறும் அறவிடுவதற்கும் அங்கத்தவர்கள் உடன்பட்டனர். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் கையொப்பம் கீழே."

வெறும் "குளம் திருத்துவது பற்றிக் கலந்துரையாடப்பட்டது" என்பது தீர்மானம் ஆகாது. வந்தவர்களின் கையொப்பத்தையும் அதே பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், மூவரில் இருவர் கையொப்பம் இடும்படி இருக்கட்டும். தலைவரும் பொருளாளரும் அண்ணனும் தம்பியுமாக இருந்தால் ஒருவரை மாற்றுங்கள். சட்டம் தடுக்காவிட்டாலும் ஊர் வாய் தடுக்கும்.

படி 5: மதிப்பீடு

மேசனிடம் கேட்டு எழுதின தொகை மதிப்பீடு அல்ல. பிரதேச செயலகத்தின் அல்லது குறித்த திணைக்களத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து, அளந்து, அரச வீதத்தின்படி போட்டுத் தருவதுதான் மதிப்பீடு. அவர் வரும் நாளில் ஊரில் விசயம் தெரிந்த ஒரு வயோதிபரையும் கூட்டிப் போங்கள். வெள்ளம் எங்கால வந்து எங்கால போகிறது என்பது நாடாவுக்குத் தெரியாது.

குளத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். குளத்தின் அடியில் உள்ள களிப்படைதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. "ஆழமாக வெட்டினால் நிறையத் தண்ணி நிற்கும்" என்று இயந்திரத்தைவிட்டு அந்தப் படையையும் அள்ளிவிட்டால், தண்ணீர் கல்லுக்குள் இறங்கிவிடும். சுற்றியுள்ள கிணறுகளுக்கு அது நல்லது. மாட்டுக்கும் வயலுக்கும் கிடையாது. எது வேண்டுமென்று வெட்டுவதற்கு முன்னர் கமக்காரரும் கிணற்றுக்காரரும் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். கரையோரக் கிராமமென்றால் ஆழம் கூடினால் உவர் ஏறும் அபாயமும் உண்டு.

அள்ளின மண் ஆருக்கு? இதையும் முன்பே எழுதுங்கள். மண்ணை லொறியில் வெளியே கொண்டுபோகப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் இரண்டு லோட் போனாலே பொலிஸ், பிறகு பத்திரிகை, பிறகு "குளத்து மண்ணை வித்துப்போட்டாங்கள்" என்ற பட்டம். முடிந்தவரை அணையைப் பலப்படுத்தவே பயன்படுத்துங்கள்.

கணக்கை ஒரு உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்கு மட்டும்.

தூர்வாரலும் அணையும் 1,800,000 ரூபா
துருசும் வானும் 800,000 ரூபா
மரநடுகை, எல்லைக்கல், பெயர்ப்பலகை 200,000 ரூபா
எதிர்பாராச் செலவு பத்து வீதம் 280,000 ரூபா
மொத்தம் 3,080,000 ரூபா

சிரமதானம் 120 ஆள்நாள். நாட்கூலி 2,500 ரூபா என்று மதித்தால் 300,000 ரூபா. அது ஊரின் பங்களிப்பு. ஆகக் கேட்கும் தொகை 2,780,000 ரூபா. சிரமதானத்தைப் பெறுமதி போட்டுக் காட்டாத சங்கங்களே அதிகம். ஏறத்தாழப் பத்து வீதத்தை ஊர் தருகிறது என்று காட்டுவதற்கும் "மக்கள் ஒத்துழைப்பு வழங்குவர்" என்று எழுதுவதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

வற் வரியை மறக்கவேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். வரிக்குப் பதிந்த ஒப்பந்தகாரர் என்றால் துருசு, வான் வேலைக்கு மட்டும் 144,000 ரூபா மேலதிகம். உங்கள் நிதி வழங்குநர் வரிக்குக் காசு தருவாரா என்பதைக் கேட்டுவிட்டுத் தொகையைப் போடுங்கள். மதிப்பீட்டுக்கு வயதும் உண்டு. 2022 மார்ச்சில் ரூபா விழுந்தபோது, முந்தின வருடம் போட்ட மதிப்பீடுகள் எல்லாம் சில மாதத்தில் வெறும் கடதாசி ஆகின. ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் புதுப்பித்துக் கேளுங்கள்.

படி 6: இப்போது காசு

அரசாங்க வழி. பாராளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையோடு வரும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதி 1974இலிருந்து இருக்கிறது. சிறு வேலைகளுக்கு ஏற்றது. மாகாண சபைத் திணைக்களங்களுக்குக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை வரும். நமது குளம் மாதிரி வேலைகளுக்குத் துறைசார் திணைக்களத்தின் ஆண்டுத் திட்டத்துக்குள் நுழைவதுதான் நின்று பிடிக்கும் வழி. 2025இல் தொடங்கிய பிரஜாசக்தி வேலைத்திட்டமும் கிராம மட்டக் குழுக்கள் ஊடாக முன்னுரிமைகளைக் கேட்கிறது. ஊர்க் குழுவில் ஆர் இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

பிரதேச சபைகள் பதின்மூன்று, நகர சபைகள் மூன்று, ஒரு மாநகர சபை. யாழ் மாவட்டத்தில் உங்கள் ஊர் இவற்றில் ஒன்றுக்குள்தான். ஒழுங்கை, வடிகால், தெருவிளக்கு, வாசிகசாலை எல்லாம் அங்கே. வட்டார உறுப்பினரைத் திருவிழாவில் பிடித்துச் சொன்னது கோரிக்கை ஆகாது. செயலாளருக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை உறுப்பினரிடம் கொடுங்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது திகதியில்தான். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருடக் கடைசியில் நிறைவேறும். ஆகவே கோரிக்கை ஓகஸ்ட், செப்ரெம்பரில் மேசையில் இருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு கொடுப்பது முடிந்த பந்திக்குப் போவது மாதிரி. அடுத்தது மழை. நமக்கு மழை ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும். மண்வேலை மே தொடங்கிச் செப்ரெம்பருக்குள் முடிய வேண்டும். ஒக்ரோபரில் ஒதுக்கீடு வந்து டிசம்பர் 31க்குள் முடி என்றால், குளத்தில் தண்ணீர் நிற்கும்போது ஆர் தூர்வாருவது? அந்தக் காசு திரும்பித்தான் போகும். ஆகவே வருட முற்பகுதியிலேயே ஒப்பந்தம் செய்யும்படி பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் கேட்டுக்கொண்டே இருங்கள். இரண்டாவது கோரிக்கையாகக் கட்டட வேலை ஒன்றையும் மதிப்பீட்டோடு வைத்திருங்கள். வருடக் கடைசியில் மிஞ்சிய காசு கோவை தயாராக உள்ள ஊருக்குத்தான் வரும்.

தூதரக வழி. ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம் ஆகியவை தெரிந்தவை. வடக்கில் கண்ணிவெடி அகற்றலுக்குக்கூட ஜப்பானின் இந்த மானியம் வந்திருக்கிறது. கட்டடமும் உபகரணமும் இவர்களுக்குப் பிடிக்கும். சம்பளமும் மாதாந்த ஓட்டச் செலவும் கேட்டால் ஜப்பானிய மானியம் கிடைக்காது. கனடாவின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. வேலையைப் பெப்ரவரியளவில் முடிக்கச் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: நமது மாரி முழுக்க அந்தக் காலத்துக்குள் வருகிறது. ஆகவே அங்கே குளம் கேட்காதீர்கள். பயிற்சி, பெண்கள் முயற்சி, உபகரணம் கேளுங்கள். இந்தியா வேறு மாதிரி. 2010இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே துணைத்தூதரகம் இருந்தாலும், அவர்களுடைய சமூக அபிவிருத்தித் திட்டங்கள் பெரும்பாலும் இலங்கை அரசின் அமைச்சுகளோடு உடன்படிக்கை செய்து நடப்பவை. ஒரு சங்கம் தனியே எழுதிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

சூழல் சார்ந்த வேலைக்கு உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் பொருத்தம். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நடத்துகிறது, 1992இல் உலகளவில் தொடங்கியது. நீண்டகாலமாக ஒரு மானியத்தின் உச்சவரம்பு 50,000 அமெரிக்க டொலர். கண்டல் நடுகை, பனை வளம், நிலத்தடி நீர் மீள்நிரப்பல் என்று நமது குளத்தையே வேறு கோணத்தில் எழுதினால் இங்கே இடமிருக்கிறது. விண்ணப்பம் கோரும் காலத்தில் மட்டும்தான் எடுப்பார்கள்.

புலம்பெயர் வழி. விரைவானது, பாசமானது, சிக்கலானது. ஒரே ஊருக்கு ரொறன்ரோவில் இரண்டு ஒன்றியம் இருக்கும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இராது. எதோடு தொடங்கினாலும் மற்றதுக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். காசு சங்கக் கணக்குக்கு மட்டும். "அவசரத்துக்கு என்ர கணக்குக்குப் போடுங்கோ" என்று ஒருவர் சொன்ன இடத்தில் ஊர்ப்பகை முளைக்கும். பெரிய தொகை வந்தால் வங்கி எதற்கென்று கேட்கும். ஒன்றியத்தின் கடிதமும் உங்கள் தீர்மானமும் கோவையில் இருந்தால் பயமில்லை. இன்னொன்று, ஒன்றியங்களுக்குக் கோபுரமும் வளைவும் கண்ணுக்குத் தெரியும், துருசு தெரியாது. கொடையாளிக்குக் காட்ட ஒரு பெயர்க்கல் வைப்பதில் தவறில்லை. ஆனால் கல்லுக்குச் செலவு குளத்துக்கு ஆனதை மிஞ்சக்கூடாது.

படி 7: விண்ணப்பம் எழுதுதல்

வழக்கமான கடிதம் இப்படித் தொடங்கும்: "எமது கிராமம் யுத்தத்தால் மிகவும் பாதிக்கப்பட்ட, பின்தங்கிய கிராமமாகும். எனவே தாங்கள் தயவுகூர்ந்து..." இந்த வசனம் மேசையில் இருக்கிற நூறு கடிதத்திலும் இருக்கிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இக்குளத்தின் கீழ் 38 ஏக்கர் வயலும் 61 குடும்பங்களும் உள்ளன. துருசின் பலகை உடைந்திருப்பதால் தை மாதத்துக்குள் நீர் வற்றுகிறது. சென்ற காலபோகத்தில் கடைசி நீர் கிடைக்காமல் 15 ஏக்கர் பதராகியது. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது. கேட்கும் தொகை 2,780,000 ரூபா. எமது பங்களிப்பு 300,000 ரூபா. வேலை மே முதல் ஓகஸ்ட் வரை." உங்கள் ஊரின் உண்மையான எண்களை வீடு வீடாக எடுத்துப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், மற்றது இணைப்பில் போகட்டும். ஆங்கில விண்ணப்பத்துக்கு ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். எழுதிக் கொடுக்கக் காசு கேட்கும் ஆட்களிடம் போகத் தேவையில்லை.

படி 8: வேலை நடக்கும்போது

ஒப்பந்தம் சங்கத்துக்குக் கிடைத்தால், அதை முழுசாக ஒரு ஒப்பந்தகாரரிடம் தூக்கிக் கொடுத்து "சங்கத்துக்கு இவ்வளவு" என்று பேசும் வழக்கம் இருக்கிறது. தரம் கெடுவது அங்கேதான், கையெழுத்து மட்டும் உங்களுடையது. இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள், மேசனைக் கூலிக்குப் பிடியுங்கள், மேற்பார்வையைச் சங்கம் வைத்துக்கொள்ளட்டும். பொருளுக்கு மூன்று கடையில் விலை வாங்கி மூன்றையும் கோவையில் போடுங்கள். மூன்றும் ஒரே ஆளின் கடையாக இருக்கக்கூடாது.

அரசாங்க வேலையில் பெரும்பகுதிக் காசு அளந்து பார்த்தபின்தான் வரும். அதுவரை சீமெந்துக் கடைக்காரருக்கு ஆர் பதில் சொல்வது என்பதைத் தொடங்கும் முன்னரே தீர்மானியுங்கள். வேலைக்கு முன், நடுவில், முடிவில் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். சிரமதானத்துக்கு வந்தவர்களின் கையொப்பம் அன்றன்றே. செலவுக் கணக்கை மாதம் ஒருமுறை சனசமூக நிலையப் பலகையில் ஒட்டிவிட்டால் வட்ஸ்அப் குழுவில் பாதி வாய் அடங்கும்.

படி 9: பதில் வராவிட்டால், வேலை முடிந்துவிட்டால்

கொடுத்த கோரிக்கைக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். "ஏன் எங்களுக்குத் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இந்த வருடம் எமது பிரிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் தொகை, இன்றுவரை செலவு" என்று கேளுங்கள். பிரிவில் ஆரையும் பகைக்காமல் அடுத்த வருடத்துக்கான பாதை அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். அரச அல்லது வெளிநாட்டு நிதியில் பெருமளவு இயங்கிப் பொதுச்சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களையும் இதே சட்டம் தொடும். நாளைக்கு உங்களையும் ஒருவர் கேட்கலாம்.

வேலை முடிந்த பின் முடிவறிக்கை, பற்றுச்சீட்டுகள், மிஞ்சிய காசு மூன்றையும் கேட்கும் முன்னரே கொடுங்கள். மிச்சம் 11,000 ரூபாவாக இருந்தாலும் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் வேறு வேலைக்கு எடுக்கலாம். துருசுப் பலகையின் திறப்பு ஆரிடம், மின்மோட்டர் இருந்தால் பில் ஆர் கட்டுவது, வரும் ஆவணியில் புல்லுச் செருக்க எத்தனை பேர் என்ற மூன்றையும் திறப்புவிழாவுக்கு முந்தின கூட்டத்திலேயே பெயரோடு அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். திறப்புவிழாவுக்குப் பிறகு கூட்டத்துக்கு ஆட்கள் வரமாட்டார்கள்.